சர்வரை நிறுத்தி ஏற்றினால் லாகின் எங்கே போகிறது?

மாலை 6 மணி. ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு அலுவலகச் செயலி. புதிய வெர்ஷனை ஏற்றுவதற்காக, ஜாவா வெப் செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்குகிறார்கள். அரை மணி நேரம் கழித்து நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், ‘இப்போது உள்ளே இருப்பவர்கள்: -35’ என்று காட்டுகிறது. இன்னொரு இடத்தில் அதே வேலையைச் செய்தபோது எண்ணிக்கை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த அத்தனை பேரும் லாகின் பக்கத்துக்குத் தள்ளப்பட்டார்கள், பாதி நிரப்பிய படிவங்கள் போனது போனதுதான். மூன்றாவது இடத்தில் சர்வர் நின்று எழுந்ததே யாருக்கும் தெரியவில்லை.

மூன்று இடத்திலும் ஓடுவது டாம்கேட்தான். நிறுத்தக் கொடுத்த கட்டளையும் ஒன்றுதான். விளைவு மட்டும் ஏன் மூன்று விதம்?

செஷன் என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

வெப் சர்வருக்கு ஞாபகம் கிடையாது. எச்டிடிபி முறையில் ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி. இப்போது கேட்பவரும் ஒரு நொடி முன்பு கேட்டவரும் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. இந்தக் குறையைப் போக்கத்தான் 1994-ல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொன்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்தார்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பு அலமாரியில் இருக்கும், நம் கையில் ஒரு டோக்கன். ஜாவா சர்வரும் அப்படித்தான். முதல் தடவை வருபவருக்கு ஜெசெஷன்ஐடி என்ற பெயரில் ஒரு குக்கீயைக் கொடுக்கிறது. டாம்கேட்டில் அது 16 பைட் நீளமுள்ள தற்செயல் எண். எழுதினால் 32 எழுத்து வரும். அந்த எண்ணுக்குரிய அலமாரித் தட்டு சர்வரின் மெமரியில் இருக்கும். யார் லாகின் செய்தார், என்ன மொழி தேர்ந்தெடுத்தார், கூடையில் என்ன போட்டார் என்பதெல்லாம் அந்தத் தட்டில்தான்.

ஆக, ‘செஷன்’ என்று பேசும்போது மூன்றைக் கலந்து பேசுகிறோம்:

1. பிரவுசரில் இருக்கும் டோக்கன், அதாவது குக்கீ.
2. ஜாவா மெமரியில் இருக்கும் தட்டு, அதாவது செஷன் ஆப்ஜெக்ட்.
3. ‘இன்னார் இத்தனை மணிக்கு வந்தார், இத்தனை மணிக்குப் போனார்’ என்ற வரவுப் பதிவு.

சர்வரை நிறுத்தினால் அழிவது இரண்டாவது மட்டுமே. பிரவுசர் தன் டோக்கனை விடாமல் வைத்திருக்கும். சர்வர் எழுந்ததும் பழைய எண்ணையே மறுபடி நீட்டும். மூன்றாவது டேட்டாபேஸில் இருந்தால் அதற்கும் ஒன்றும் ஆகாது. பெரும்பாலான செயலிகளில் மூன்றாவது தனியாக இருப்பதே இல்லை. இரண்டாவதை எண்ணி மூன்றாவதாகக் காட்டுகிறார்கள். முதலில் சொன்ன -35 அங்கிருந்துதான் வந்தது.

டாம்கேட் தூங்கப்போகும் முன் செய்வது

டாம்கேட்டில் செஷன்களைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு மேனேஜர் என்று பெயர். வேறு எதையும் அமைக்காவிட்டால் ஸ்டாண்டர்ட் மேனேஜர் என்பது வேலை செய்யும். 10.0 வரையிலான வெர்ஷன்களில், முறையாக நிறுத்தினால் அது செய்யும் வேலை இது:

1. மெமரியில் உள்ள எல்லா செஷன்களையும் ஒரு கோப்பில் எழுதும். செயலியின் வொர்க் ஃபோல்டரில் ‘செஷன்ஸ்’ என்ற பெயரில், ‘எஸ்இஆர்’ என்ற பின்னொட்டோடு அது உட்கார்ந்திருக்கும்.
2. எழுதி முடித்த செஷன்களை மெமரியிலிருந்து ஓசைப்படாமல் கழற்றிவிடும். ‘செஷன் முடிந்தது’ என்று யாருக்கும் சொல்லாது.
3. மறுபடி தொடங்கும்போது கோப்பைப் படித்து செஷன்களை மீட்கும். மீட்டதும் கோப்பை அழித்துவிடும்.

டாம்கேட் 10.1-ல் இது மாறியது. இப்படிக் கோப்பில் சேமிப்பது அங்கே முதலிலிருந்தே அணைக்கப்பட்டிருக்கிறது; வேண்டுமென்றால் கான்டெக்ஸ்ட் அமைப்புக் கோப்பில் நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்புக்குள் ஓடும் டாம்கேட்டிலும் இது அணைந்தே வரும். ‘நேற்றுவரை சரியாகத்தானே ஓடியது, டாம்கேட்டை மாற்றியதும் எல்லோரும் வெளியே போகிறார்களே’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். நிரலில் தேடினால் பிழை கிடைக்காது.

-35 வந்த கணக்கு

உள்ளே இருப்பவர்களை எண்ண, பல பாடங்களில் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு. எச்டிடிபி செஷன் லிசனர் என்று, செஷன் உருவாகும்போதும் அழியும்போதும் டாம்கேட் அழைக்கும் ஒரு வகுப்பு எழுதுவது. அதில் ஒரு எண்ணி (கவுண்டர்): செஷன் உருவானதும் ஒன்று கூட்டு, அழிந்ததும் ஒன்று கழி. பார்க்க அழகான தீர்வு. ரீஸ்டார்ட் நடக்காத உலகத்தில் அது சரியும்கூட.

பழைய டாம்கேட்டில் மாலை 6 மணிக்கு 40 பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று வையுங்கள். எண்ணி 40 காட்டுகிறது. சர்வரை நிறுத்துகிறோம். 40 செஷனும் கோப்புக்குப் போகின்றன. லிசனருக்குச் செய்தி இல்லை. சர்வர் எழுகிறது. ஜாவா புதிதாகத் தொடங்குவதால் எண்ணி 0. கோப்பிலிருந்து 40 செஷனும் திரும்பி வருகின்றன. ஆனால் அவை ‘உருவாகவில்லை’, மீண்டிருக்கின்றன. ஆகவே ‘உருவானது’ என்ற அழைப்பு லிசனருக்கு வராது. எண்ணி 0-விலேயே நிற்கிறது.

அடுத்து புதிதாக 5 பேர் வருகிறார்கள். எண்ணி 5. பழைய 40 பேர் வேலை முடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். டாம்கேட்டில் செஷனின் ஆயுள், யாரும் மாற்றாவிட்டால், கடைசித் தொடுதலிலிருந்து 30 நிமிடம். பின்னணியில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை காலாவதியானவற்றைத் தேடும் வேலை ஓடும். அது அந்த 40 செஷனையும் ஒவ்வொன்றாக முடிக்கும்போது ‘அழிந்தது’ என்ற செய்தி மட்டும் 40 தடவை வரும். 5-லிருந்து 40 போனால் -35.

0-க்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டுப் பலர் இதைச் சமாளிக்கிறார்கள். அது கணக்கைச் சரிசெய்வதில்லை. தப்பு தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான்.

மீண்டு வரும் செஷனுக்கென்று, ஜாவா வெப் செயலிகளுக்கான சர்வ்லெட் விதிகளில் தனி அழைப்பே இருக்கிறது: செஷன் ஆக்டிவேஷன் லிசனர். செஷன் தூங்கப்போகும்போது ஒன்று, விழிக்கும்போது ஒன்று என இரண்டு அழைப்பு. டாம்கேட்டில் இது யாருக்கு வரும் என்பதில்தான் சூட்சுமம். செஷனுக்குள் நாம் வைத்த பொருள் இந்த லிசனராகவும் இருந்தால் அதற்கு வரும். இதற்கென்றே ஒரு சிறிய பொருளைச் செஷனில் வைத்துவிட்டால், விழித்ததும் அது ‘நான் திரும்பி வந்துவிட்டேன்’ என்று பதிவு செய்யலாம். ஒரு எச்சரிக்கை: கோப்பிலிருந்து எழுந்து வரும் பொருளிடம் டேட்டாபேஸ் இணைப்பு போன்றவை இருக்காது. அவற்றை டிரான்சியன்ட் (சேமிக்க வேண்டாம்) என்று குறித்திருப்போம், எழும்போது வெறுமையாக இருக்கும். அழைப்போடு வரும் நிகழ்விலிருந்து செஷனையும், செஷனிலிருந்து சர்வ்லெட் கான்டெக்ஸ்டையும் பிடித்துத்தான் பதிவேட்டை அடைய வேண்டும்.

கோப்பு முறை கைவிடும் இடங்கள்

சேமிப்பு எழுப்பப்பட்டிருந்தும் செஷன் திரும்பாமல் போக நான்கு காரணங்கள் அடிக்கடி வரும்.

1. முறையாக நிறுத்தவில்லை. புரோசஸை உடனே கொல்லும் ‘கில் -9’ கொடுத்தாலோ மின்சாரம் போனாலோ மெமரி தீர்ந்து ஆப்பரேட்டிங் சிஸ்டமே கொன்றாலோ எழுத நேரமே இருக்காது. செயலியைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர், நிறுத்தும்போது முதலில் மரியாதையான சிக்னல் ஒன்றைக் கொடுத்து, லினக்ஸில் 10 நொடி காத்திருந்து, பிறகு கொல்லும். பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் 30 நொடி தரும். ஆனால் கன்டெய்னரின் முதல் புரோசஸ் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக இருந்து, அது ‘எக்ஸெக்’ (தன் இடத்தை ஜாவாவுக்கே கொடுக்கும் கட்டளை) போடாமல் ஜாவாவைத் தொடங்கியிருந்தால், அந்தச் சிக்னல் ஜாவாவுக்குப் போய்ச் சேர்வதில்லை. 10 நொடியும் வீணாகக் கழிந்து நேராகக் கொலைதான். ‘சர்வர் நிற்க எப்போதுமே சரியாகப் பத்து நொடி ஆகிறது’ என்று யாராவது சொன்னால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

2. கோப்பு இருந்த இடமே போய்விட்டது. கன்டெய்னரை நீக்கிப் புதியதைத் தொடங்கும்போது அதன் உள்வட்டும் புதியது. பழைய வொர்க் ஃபோல்டர் இப்போது இல்லை.

3. பொருளை எழுத முடியவில்லை, அல்லது எழுதியதைப் படிக்க முடியவில்லை. செஷனில் வைக்கும் ஒவ்வொன்றும் சீரியலைசபிள் ஆக, அதாவது பைட்டுகளாக மாற்றிக் கோப்பில் எழுதக்கூடியதாக, இருக்க வேண்டும். இல்லாதவற்றை டாம்கேட் விட்டுவிட்டு மற்றவற்றைச் சேமிக்கும். செஷன் திரும்பும், அதற்குள் ஒரு பொருள் மட்டும் காணாமல் போயிருக்கும்; இந்த அரைகுறை நிலை முழு இழப்பைவிடத் தொல்லை. படிக்கும்போது வரும் சிக்கல் வேறு. வகுப்பில் சீரியல் வெர்ஷன் எண்ணை நாமே கொடுக்காவிட்டால் ஜாவா அதை வகுப்பின் அமைப்பிலிருந்து கணக்கிடும். ஒரு மெத்தடைச் சேர்த்தால்கூட எண் மாறலாம். புதிய வெர்ஷனை ஏற்றத்தான் சர்வரையே நிறுத்தினோம். எழுந்த சர்வரிலோ வகுப்பு மாறியிருக்கிறது, பழைய கோப்பு ஒத்துப்போகவில்லை.

4. சர்வர் அதிக நேரம் நின்றுவிட்டது. நின்ற நேரமும் 30 நிமிடக் கணக்கில் சேரும். 40 நிமிடப் பராமரிப்பு என்றால் மீண்டு வரும் செஷன் எல்லாம் ஏற்கெனவே காலாவதி.

கோப்பு வழியே வந்த திருடன்

2025 மார்ச்சில் டாம்கேட்டைப் பற்றி வந்த சிவிஇ-2025-24813 என்ற பாதுகாப்பு எச்சரிக்கை, செஷனைக் கோப்பில் சேமிப்பதோடு தொடர்புள்ளது. ஜாவாவில் சீரியலைஸ் செய்த கோப்பைப் படிப்பது, வெறும் தரவைப் படிப்பதுபோல் அல்ல. படிக்கும்போதே சில வகுப்புகளின் நிரல் ஓடும். ஒவ்வொரு செஷனையும் தனிக் கோப்பாக வைக்கும் அமைப்பில், தாக்குபவர் தானே தயாரித்த கோப்பை, செஷன் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் எப்படியாவது வைத்துவிட்டு, அந்தப் பெயருள்ள குக்கீயை நீட்டினால், டாம்கேட் அதைச் செஷன் என்று நம்பித் திறக்கும். அதற்குள் இருக்கும் நிரல் சர்வரில் ஓடிவிடும்.

இது நடக்கச் சில நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும். கோப்புகளை நேராகக் கொடுக்கும் டீஃபால்ட் சர்வ்லெட்டில் கோப்பு எழுதும் அனுமதி திறந்திருக்க வேண்டும் (சாதாரணமாக மூடியிருக்கும்). கோப்பைத் துண்டாக அனுப்பும் ‘பார்ஷியல் புட்’ வசதி இருக்க வேண்டும் (சாதாரணமாகத் திறந்திருக்கும்). செஷன்கள் கோப்பில், வழக்கமான இடத்திலேயே சேமிக்கப்பட வேண்டும். தாக்குதலுக்கு உதவும் ஏதாவதொரு நூலகம் செயலியில் இருக்க வேண்டும். 11.0.3, 10.1.35, 9.0.99 ஆகிய வெர்ஷன்களில் ஓட்டை அடைக்கப்பட்டது. எழுதும் அனுமதியை மூடி வைத்தவர்கள் இந்த வழியில் மாட்டியிருக்க மாட்டார்கள். 2020-லும் சிவிஇ-2020-9484 என்று இதே குடும்பத்தில் ஒன்று வந்தது. அது பெர்சிஸ்டென்ட் மேனேஜரும் ஃபைல் ஸ்டோரும் சேர்ந்த, செஷனுக்கு ஒரு கோப்பு வைக்கும் அமைப்பைப் பற்றியது.

பயனர் படிவம் தொலையக் கூடாது என்று செய்யும் வசதிக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. கோப்பு முறை ஒற்றைச் சர்வரில் சோதனைக்கும் சிறிய உள் அலுவலகச் செயலிக்கும் போதும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் நிலை.

தட்டை வெளியே வைப்பது

மூன்றாவது இடத்தில் ஏன் யாருக்கும் தெரியவில்லை? அங்கே அலமாரியே ஜாவாவுக்கு வெளியே இருந்தது. ஸ்பிரிங் செஷன் போன்ற நூலகம் செஷனை ரெடிஸ் என்ற மெமரித் தரவுக் கிடங்கிலோ டேட்டாபேஸிலோ வைக்கும். சர்வர் நின்று எழுந்தாலும், வேறு சர்வரே பதில் சொன்னாலும், குக்கீயில் உள்ள எண்ணை வைத்து அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இப்படி மாறுபவர்கள் மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, பொருளை மாற்றிவிட்டுத் திரும்ப வைக்க மறப்பது. மெமரியில் இருந்தபோது கூடையை எடுத்து ஒரு புத்தகத்தைச் சேர்த்தால் போதும். இருந்தது ஒரே கூடைதான். ரெடிஸில் இருப்பது நகல். எடுத்து மாற்றினால் நம் கையில் உள்ள நகல்தான் மாறுகிறது. ‘செட் ஆட்ரிபியூட்’ கொடுத்துத் திரும்ப வைத்தால்தான் ஸ்பிரிங் செஷன் அதைச் சேமிக்கும், அதன் இயல்பான அமைப்பு அப்படி. அடுத்த பக்கத்துக்குப் போனதும் புத்தகம் காணவில்லை என்று புகார் வந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

இரண்டாவது, லிசனர்கள் ஊமையாகிவிடுவது. ஸ்பிரிங் செஷனை டேட்டாபேஸோடு பயன்படுத்தினால் செஷன் நிகழ்வுகளை அது வெளியிடுவதில்லை. கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை. எண்ணி எப்போதும் 0. -35-ஆவது ஏதோ தப்பு என்று காட்டியது. 0 பார்ப்பதற்கு உண்மைபோலவே இருக்கும்.

மூன்றாவது, ரெடிஸும் ஒரு சர்வர்தான் என்பதை மறப்பது. அதன் மெமரியை வட்டில் எழுதும் வசதி அணைந்திருந்தால், ரெடிஸை நிறுத்தி ஏற்றும் நாளில் எல்லோரும் மொத்தமாக வெளியே.

செருப்பைக் கையிலேயே எடுத்துப்போகும் வழியும் உண்டு: ஜெடபிள்யூடி டோக்கன். சர்வரில் தட்டே கிடையாது; விவரம் எல்லாம் கையொப்பமிட்ட டோக்கனில். ரீஸ்டார்ட் அதைத் தொடாது என்பார்கள். ஆனால் கையொப்பச் சாவியைச் சர்வர் தொடங்கும்போது புதிதாக உருவாக்கும்படி எழுதியிருந்தால் பழைய டோக்கன் எல்லாம் செல்லாக் காசு. ஸ்பிரிங் செக்யூரிட்டியின் ‘என்னை நினைவில் வை’ வசதியிலும் இதே பள்ளம் இருக்கிறது. நிரலில் சாவி கொடுக்காவிட்டால் அது தொடங்கும்போது ஒரு தற்செயல் சாவியைத் தானே உருவாக்கிக்கொள்ளும். இரண்டு வாரம் செல்லும் என்று கொடுத்த குக்கீ அடுத்த ரீஸ்டார்ட்டோடு முடிந்தது.

வரவுப் பதிவைத் தனியே பிரிப்பது

யார் உள்ளே இருக்கிறார் என்ற கேள்விக்கு, தட்டுகளை எண்ணிப் பதில் சொல்லக் கூடாது. டேட்டாபேஸில் அதற்கென ஒரு டேபிள் வேண்டும். நடைமுறையில் அது இப்படி ஓடும்:

1. லாகின் ஆனதும் ஒரு வரி: சொந்தமாக உருவாக்கிய ஒரு அடையாள எண், பயனர், வந்த நேரம், கடைசியாகக் கண்ட நேரம், சர்வரின் ‘தொடக்க எண்’. சொந்த எண்ணைச் செஷனிலும் வைத்துவிட வேண்டும். ஜெசெஷன்ஐடியை இங்கே பயன்படுத்தக் கூடாது. லாகின் ஆனவுடன் பாதுகாப்புக்காக அந்த எண் மாற்றப்படுவது வழக்கம்; தவிர, டேபிளைப் படிக்க முடிந்த எவரும் அதை எடுத்து அந்தப் பயனராக உள்ளே நுழையலாம்.

2. தொடக்க எண் என்பது சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக உருவாக்கும் எண். கான்டெக்ஸ்ட் லிசனரில் உருவாக்கலாம். டாம்கேட் முதலில் கான்டெக்ஸ்ட் லிசனர்களை ஓட்டிவிட்டுப் பிறகுதான் செஷன் கோப்பைத் திறக்கும். ஆகவே செஷன்கள் விழிக்கும்போது புது எண் தயாராக இருக்கும்.

3. கடைசியாகக் கண்ட நேரத்தை ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுதினால் டேட்டாபேஸ் மூச்சுத் திணறும். முன்பு எழுதி ஒரு நிமிடம் ஆகியிருந்தால் மட்டும் எழுதினால் போதும். நிர்வாகப் பக்கத்துக்கு ஒரு நிமிடப் பிசகு பொருட்டில்லை.

4. மீண்டு வந்த செஷன் விழிக்கும்போதோ, அதன் முதல் கோரிக்கையின்போதோ தன் வரியில் புதிய தொடக்க எண்ணை எழுதும். சர்வர் எழுந்து 30 நிமிடம் ஆனபின்னும் பழைய எண்ணோடு திறந்தே கிடக்கும் வரிகள் திரும்பி வராதவை. அவற்றைக் கடைசியாகக் கண்ட நேரத்தையே போன நேரமாக வைத்து மூடி, காரணம் ‘ரீஸ்டார்ட்’ என்று குறிக்கலாம்.

5. உள்ளே இருப்பவர் எத்தனை பேர்? கடைசி 5 நிமிடத்துக்குள் கண்டவர்களை எண்ணுங்கள். கூட்டலும் கழித்தலும் தேவையே இல்லை.

பல சர்வர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் தொடக்க எண்ணோடு சர்வரின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று எழுந்ததும் மற்றவற்றில் இருப்பவர்களையும் சேர்த்து மூடிவிடும்.

பயனர் பக்கத்திலும் ஒரு சின்ன வேலை பாக்கி. செஷன் தொலைந்தபின் வரும் முதல் கோரிக்கையில் பழைய குக்கீ எண் இருக்கும், அந்த எண் செல்லாது என்று சர்வ்லெட்டே சொல்லும். புதிதாக வருபவரிடம் குக்கீயே இருக்காது. இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு நிபந்தனை போதும். பழைய எண்ணோடு வந்தவர் சர்வர் எழுந்து அரை மணிக்குள் வந்திருந்தால், ‘உங்கள் செஷன் காலாவதியாகிவிட்டது’ என்று அவர் மேல் பழி போடாமல், ‘சர்வர் புதுப்பிக்கப்பட்டது, மறுபடி லாகின் செய்யுங்கள்’ என்று காட்டி, அவர் திறக்கப் பார்த்த பக்கத்துக்கே திருப்பி அனுப்பலாம்.